ரீஜனல் பைலட்டா? மெயின்லைன் காண்ட்ராக்ட்டைப் படியுங்கள்

அமெரிக்காவில் ரீஜனல் ஏர்லைன் இன்டர்வியூவுக்குத் தயாராகிற பைலட்டுகள் சம்பள டேபிளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். சைனிங் போனஸ் எவ்வளவு, பேஸ் எந்த ஊர், எத்தனை மாதத்தில் கேப்டன் சீட் என்று துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அந்த வேலை எத்தனை வருடம் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிற காகிதத்தை மட்டும் பலர் புரட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் சேரப்போகிற கம்பெனியின் காகிதமே இல்லையே அது! மெயின்லைன் எனப்படும் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் போன்ற பெரிய ஏர்லைன்கள் தங்கள் பைலட் யூனியனோடு போட்டிருக்கும் காண்ட்ராக்ட். அதன் முதல் பிரிவுக்கு ஸ்கோப் என்று பெயர். வெளிக் கம்பெனிக்கு எத்தனை விமானம் கொடுக்கலாம், அவை எவ்வளவு பெரியவையாக இருக்கலாம் என்று யூனியன் பேரம் பேசி வாங்கிய வரம்பு அது.

தொழிலின் அமைப்பை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய், பி.எஸ்.ஏ., எண்டெவர் என்ற பெயர்களைப் பயணிகள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. விமானத்தின் மேல் டெல்டா கனெக்‌ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ், அமெரிக்கன் ஈகிள் என்று எழுதியிருக்கும். டிக்கெட் விலை, வழித்தடம், நேரம் எல்லாம் பெரிய ஏர்லைனின் முடிவு. பறந்து கொடுப்பதற்கு ரீஜனலுக்குக் கட்டணம் வரும். நம் ஊரில் ஐ.டி. கம்பெனிக்கு வேன் விடும் டிராவல்ஸ்காரரின் நிலைமைதான் இது. டிரைவர் ஒரு நாள்கூட லேட் ஆனதில்லை என்றாலும், கம்பெனி ஒரு ஷிஃப்டை எடுத்துவிட்டால் வேன் ஷெட்டுக்குப் போய்விடும்.

அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை நேரடியாக உதவும். பிள்ளையை அங்கே ஃப்ளைட் ஸ்கூலில் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும் படிக்கலாம். லோன் போட்டுப் படிக்க வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

1. ஸ்கோப் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மூன்று எண்களைத் தேடுங்கள். முதலாவது, விமானத்தின் அளவு. மூன்று பெரிய ஏர்லைன்களிலும் ரீஜனல் ஜெட்டுக்கு உச்சவரம்பு 76 சீட். எடை வரம்பும் உண்டு. டேக்-ஆஃப் எடை 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன். எம்பிரேயர் 175 விமானம் ரீஜனல் உலகில் இவ்வளவு பரவியதற்குக் காரணம் இந்த வரம்புக்குள் கச்சிதமாக அடங்குவதுதான். அதே கம்பெனி எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதிய எஞ்சினோடு 175-இ2 மாடலைக் கொண்டுவந்தது. புதிய எஞ்சின் கனமானது. எடை வரம்பைத் தாண்டிவிட்டது. அமெரிக்க ரீஜனல்கள் வாங்க முடியவில்லை. 2022-ல் எம்பிரேயர் அந்தத் திட்டத்தை மூன்று வருடத்துக்கு நிறுத்திவைத்தது. யூனியன் காண்ட்ராக்ட்டில் இருக்கும் ஓர் எண், பிரேசிலில் ஒரு விமானத் திட்டத்தையே நிறுத்துகிறது என்றால் அதன் பலத்தை யோசியுங்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை. யுனைடெட்டின் 2012 காண்ட்ராக்ட்டில் 70, 76 சீட் ஜெட்டுகளுக்கு மொத்த உச்சவரம்பு 255. அதில் 76 சீட் 153-க்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கம்பெனி சிறிய ரகப் புது விமானங்களை மெயின்லைனுக்கே வாங்கி, தன் சொந்த பைலட்டுகளைக் கொண்டு ஓட்ட வேண்டும். இந்த வரம்பை ஒட்டிப் பிறந்ததுதான் சி.ஆர்.ஜே.-550. 70 சீட் விமானத்தை எடுத்து 50 சீட்டாகக் குறைத்து, எடையையும் காகிதத்தில் குறைத்து, 2019-ல் யுனைடெட்டுக்காக கோஜெட் ஓட்டத் தொடங்கியது. 20 சீட்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பறப்பது வெளியாருக்கு விசித்திரமாகத் தெரியும். 50 சீட் கணக்கில் இடம் காலியாக இருந்தது, 70 சீட் கணக்கில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

மூன்றாவது, விகிதம். பலர் கோட்டை விடுகிற இடம் இது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பெரிய ரீஜனல் ஜெட்டுகளின் எண்ணிக்கையை மெயின்லைனின் நேரோபாடி (ஒற்றை நடைபாதை) விமான எண்ணிக்கையோடு சதவீதமாகக் கட்டியிருக்கிறார்கள். டெல்டாவில் பறக்கும் மணி நேரங்களுக்கு இடையே விகிதம் உண்டு. இதன் அர்த்தம், மெயின்லைன் தன் விமானங்களைக் குறைத்தால் ரீஜனலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவும் தானாகக் குறைகிறது. "அவர்கள் பெரிய விமானத்தைத்தானே நிறுத்துகிறார்கள், நமக்கென்ன" என்று கிரூ ரூமில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெல்டா பைலட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குறிப்பிட்ட சீனியாரிட்டிக்கு மேல் உள்ள தங்கள் ஆட்களைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பினால், ரீஜனலின் 76 சீட் ஜெட்டுகளில் ஆறு சீட்டைக் கழற்றி 70 ஆக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள்.

இந்த எண்களை யூனியன் சுருக்க அறிக்கைகளிலும் கம்பெனிகள் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கைகளிலும் தேடலாம். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். மெயின்லைன் காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தை எப்போது என்பதையும் குறித்துவையுங்கள். ரயில்வே லேபர் ஆக்ட் 1936 முதல் விமானத் துறைக்கும் பொருந்துகிறது. அதன்படி காண்ட்ராக்ட் ஒரு தேதியோடு காலாவதி ஆகிவிடாது. திருத்தத்துக்கு வரும், பேச்சு வருடக்கணக்கில் இழுக்கும். அந்த வருடங்களில் ஸ்கோப் மேசை மேல் இருக்கும், கூடவே உங்கள் விமானமும்.

2. எந்த விமானம் என்று கேளுங்கள்

50 சீட் ஜெட் ஒரு காலத்தில் தங்க முட்டை. 1993-ல் காம்ஏர் என்ற ரீஜனல் சி.ஆர்.ஜே.யை அமெரிக்காவில் முதலில் இறக்கியது. பத்து வருடத்தில் எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள். 2008-ல் எண்ணெய் விலை ஏறியதும் அதே விமானம் தலைவலி ஆனது. அத்தனை எரிபொருளையும் 50 டிக்கெட்டில் பிரித்துப்போட வேண்டியிருந்தது. 2012-ல் டெல்டாவும் அதன் பைலட்டுகளும் போட்ட காண்ட்ராக்ட் கணக்கைத் தீர்த்தது. 50 சீட் ஜெட்டுகளைச் சுமார் 350-லிருந்து 125 வரை குறைக்க வேண்டும். பதிலுக்கு 76 சீட் ஜெட்டுகளை 223 வரை ஏற்றிக்கொள்ளலாம். மெயின்லைனுக்கு 88 போயிங் 717 விமானங்கள் வரும். டெல்டா பைலட்டுக்கு அது நல்ல பேரம். அவரது லிஸ்ட்டில் புது சீட்டுகள் வந்தன. 50 சீட் ஜெட் ஓட்டிக்கொண்டிருந்த ரீஜனல் பைலட்டுக்கு அந்த ஓட்டெடுப்பில் வோட்டே இல்லை.

ஆகவே இன்டர்வியூவுக்கு முன்பு கம்பெனியின் ஃப்ளீட்டை ரகவாரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். 175 எத்தனை, சி.ஆர்.ஜே.-900 எத்தனை, 50 சீட் எத்தனை? எது எந்த வருடம் வாங்கியது? விமானத்தின் சொந்தக்காரர் ரீஜனலா, பெரிய ஏர்லைனா? பெரிய ஏர்லைனின் சொத்து என்றால் நாளைக்கே இன்னொரு ரீஜனலுக்கு மாற்றலாம், பைலட்டுகளை விட்டுவிட்டு. சி.ஆர்.ஜே. தயாரிப்பு 2021-ல் முடிந்துவிட்டது. அதை மட்டும் நம்பியிருக்கிற கம்பெனி அடுத்து என்ன ஓட்டப்போகிறது என்று இன்டர்வியூவிலேயே மரியாதையாகக் கேளுங்கள். "உங்கள் ஃப்ளீட் திட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்பது நல்ல கேள்வி. வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று காட்டும்.

3. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கம்பெனியில் எச்சரிக்கையாக இருங்கள்

காம்ஏர் கதையை ஒவ்வொரு ரீஜனல் பைலட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சின்சினாட்டியில் 1977-ல் தொடங்கிய கம்பெனி. 2000-ல் டெல்டா முழுமையாக வாங்கியது. மறு வருடம் பைலட்டுகள் 89 நாள் ஸ்ட்ரைக் செய்து, ரீஜனல் உலகம் அதுவரை பார்க்காத சம்பளத்தை வாங்கினார்கள். வெற்றிதான். அதற்குப் பிறகு செலவு அதிகமான கம்பெனி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புது விமானங்கள் வேறு இடத்துக்குப் போயின, பழைய 50 சீட்டுகள் தங்கின. 2012 ஜூலையில் டெல்டா மூடல் அறிவிப்பு விட்டது. செப்டம்பர் 29-ம் தேதி கடைசி விமானம். சுமார் 1,700 பேருக்கு வேலை போனது. அந்த ஸ்ட்ரைக் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இன்று ரீஜனல் பைலட் வாங்கும் சம்பளத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் தாய்க் கம்பெனியே சொந்தக்காரராக இருந்தும் காம்ஏரைக் காப்பாற்றவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 இன்னும் வேகமாக நடந்தது. கோவிட் வந்ததும் ஏப்ரல் மாதத்திலேயே டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்று இரண்டு ரீஜனல்கள் மூடின. ஜூலையில் யுனைடெட், 50 சீட் இ.ஆர்.ஜே.-145 விமானங்களை ஓட்ட இரண்டு கம்பெனி வேண்டாம், ஒன்று போதும் என்று முடிவெடுத்து காம்யூட்ஏரை வைத்துக்கொண்டது. அந்த ரக விமானத்தை உலகிலேயே அதிகமாக ஓட்டிய எக்ஸ்பிரஸ்ஜெட், செப்டம்பர் 30-ம் தேதியோடு யுனைடெட்டுக்குப் பறப்பதை நிறுத்தியது. அங்கிருந்த பைலட்டுகள் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பல வருட சீனியாரிட்டி வைத்திருந்தவர்கள் வேறு கம்பெனியின் கடைசி எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

கம்பெனியை எடைபோட இரண்டு கேள்வி போதும். எத்தனை பெரிய ஏர்லைனுக்கு ஓட்டுகிறது? அந்தக் காண்ட்ராக்ட் எந்த வருடம் முடிகிறது? ஸ்கைவெஸ்ட் நான்கு பெரிய ஏர்லைன்களுக்கு ஓட்டுகிறது. ஒருவர் குறைத்தால் இன்னொருவரிடம் விமானத்தைத் திருப்ப இடம் இருக்கிறது. ஒரே வாடிக்கையாளர், இரண்டு வருடத்தில் முடியும் காண்ட்ராக்ட், பழைய 50 சீட் ஜெட் ஆகிய மூன்றும் ஒரே கம்பெனியில் சேர்ந்திருந்தால், போனஸ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதைப் பயிற்சிக் களமாக மட்டும் பாருங்கள்.

4. "விட்டுக்கொடுத்தால் விமானம் தருகிறோம்" என்று வரும்போது

ரீஜனல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு விலை குறைப்பது பெரிய ஏர்லைன்களின் பழைய உத்தி. 2013-ல் பி.எஸ்.ஏ. பைலட்டுகள் சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள், பெரிய ஜெட்டுகள் வந்தன. 2014 மார்ச்சில் என்வாய் பைலட்டுகள் அப்படியொரு பேரத்தை வோட்டுப் போட்டு நிராகரித்தார்கள். நிர்வாகம் கம்பெனியைச் சுருக்கத் தொடங்கியது, புது விமானம் வேறு கைக்குப் போகும் என்றது. அதே வருடம் டிசம்பரில் மறுபடி பேசி, எம்பிரேயர் 175 விமானங்களோடு உடன்பாடு வந்தது.

இப்படி ஒரு வோட்டு உங்கள் முன்னால் வந்தால் உணர்ச்சியில் முடிவெடுக்காதீர்கள். உங்கள் சுயநலத்தை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கப்போகிறவரா, ரிடையர் ஆகும் வரை இருக்கப்போகிறவரா? முதல் வகை என்றால் உங்களுக்கு வேண்டியது விமானமும் சீக்கிரம் கேப்டன் சீட்டும். இரண்டாம் வகை என்றால் சம்பள டேபிளின் மேல்பகுதிதான் உங்கள் வாழ்க்கை. அதை விட்டுக்கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். இரண்டு வகையினரும் ஒரே யூனியனில் ஒரே வோட்டில் இருக்கிறார்கள். பக்கத்து சீட்காரரின் கணக்கு வேறு என்று தெரிந்தால் கிரூ ரூமில் பாதிச் சண்டை குறையும். வாக்குறுதியின் மொழியையும் கவனியுங்கள். விமானம் வரும் தேதியும் எண்ணிக்கையும் காண்ட்ராக்ட்டில் எழுதியிருந்தால் அது வாக்குறுதி. பிரசென்டேஷன் ஸ்லைடில் மட்டும் இருந்தால் வெறும் விருப்பம்.

ஸ்கோப் மீது கோபப்படுகிற ரீஜனல் பைலட்டுகள் நிறைய. மெயின்லைன்காரர்கள் நம் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்பார்கள். காம்ஏர் பைலட்டுகள் சிலர் தங்கள் யூனியன் மீதே கோர்ட்டுக்குப் போனார்கள், இரண்டு பக்கத்தையும் ஒரே யூனியன் பிரதிநிதித்துவம் செய்வது எப்படி நியாயம் என்று. அந்த வலி உண்மையானது. ஆனாலும் உங்கள் இலக்கு மெயின்லைன் என்றால், அந்த வரம்பு காப்பாற்றுவது நீங்கள் போய் உட்காரப்போகிற சீட்டை. 2001-க்குப் பிறகு பெரிய ஏர்லைன்கள் வரிசையாகத் திவால் கோர்ட்டுக்குப் போனபோது ஸ்கோப் தளர்ந்தது, ரீஜனல் ஜெட்டுகள் பெருகின. மெயின்லைன் வாசல் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. வேகமாக வளர்ந்த அந்த ரீஜனலிலேயே பலர் பத்து, பதினைந்து வருடம் தேங்கிப்போனார்கள்.

5. சீனியாரிட்டி எண்ணின் அருமையை உணருங்கள்

விமானம் குறைந்தால் வெட்டு கீழிருந்து தொடங்கும். ஒரு பேஸ் மூடினால் அங்கிருந்த சீனியர் கேப்டன் வேறு பேஸுக்கு வருவார், அங்கிருந்த ஜூனியர் கேப்டன் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் சீட்டுக்கு இறங்குவார், கடைசியில் இருப்பவர் ஃபர்லோ, அதாவது திரும்ப அழைக்கும் வரை சம்பளமில்லாமல் வீட்டுக்கு. இப்படி ஒருவரை ஒருவர் இடம் பெயர்ப்பதை டிஸ்பிளேஸ்மெண்ட் என்பார்கள். திறமை, பெயர், நட்பு எதற்கும் இதில் இடமில்லை. ஆஃபர் கிடைத்ததும் கிடைக்கிற முதல் கிளாஸ் டேட்டை, அதாவது பயிற்சி வகுப்பு தொடங்கும் தேதியை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் உங்களுக்கு மேலே ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். தங்கையின் கல்யாணத்துக்காகக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். லீவு கேட்டு ஒரு நாள் போய்வர வழி பாருங்கள்.

6. மணி நேரம்தான் சொத்து

2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக வந்த சட்டப்படி, 2013 முதல் ஃபர்ஸ்ட் ஆஃபீசராகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000. கேப்டன் ஆக, ஏர்லைன் சேவையில் இன்னும் 1,000 மணி நேரம். கேப்டனுக்கான இந்த ஆயிரத்தை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஏனென்றால் சந்தை திரும்புகிற வேகம் அப்படி. 2022-ல் பைலட் தட்டுப்பாடு. அமெரிக்கனின் சொந்த ரீஜனல்களான பீட்மாண்டும் என்வாயும் புது ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. பத்து வருடம் முன்பு 20, 25 டாலருக்குப் பறந்த சீட் அது. 2024-ல் போயிங் விமானங்கள் தாமதமானதும் யுனைடெட் மே, ஜூன் மாதங்களில் பைலட் ஆட்சேர்ப்பையே நிறுத்திவைத்தது. மேலே வாசல் அடைத்ததும் ரீஜனல் கேப்டன்கள் நகரவில்லை, கீழே இருந்தவர்கள் கிளாஸ் டேட்டுக்காகக் காத்திருந்தார்கள். அதே வருடம் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் ஃபர்லோ செய்த ஏர்பஸ் பைலட்டுகளும் வரிசையில் வந்து நின்றார்கள். உங்களோடு போட்டி போடுவது உங்கள் பேட்ச்மேட் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை: ஓபன் டைம், அதாவது யாருக்கும் ஒதுக்காத ஃப்ளைட், வந்தால் எடுங்கள். ரிசர்வில் அழைப்புக்காக உட்கார்ந்து வருடம் ஓட்டுவதைவிட, பிடிக்காத பேஸுக்கு மாறினால் அதிகம் பறக்கலாம் என்றால் மாறுங்கள். கேப்டன் அப்கிரேட் வாய்ப்பு வரும் முதல் நாளே பிட் (விருப்ப விண்ணப்பம்) போடுங்கள். ஜூனியர் கேப்டனாக மோசமான ஷெட்யூல் கிடைக்கும், வீட்டில் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் ஜெட் கேப்டன் மணி நேரம் லாக்புக்கில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஃபர்லோ சந்தையில் இருக்கும் வித்தியாசம் பெரியது. லாக்புக்கை வாராவாரம் எழுதி, பேக்கப் எடுத்துவையுங்கள். கம்பெனி மூடிய பிறகு ரெக்கார்ட் கேட்டு அலைவது கொடுமை.

7. ஃப்ளோ ஒரு டிக்கெட், அப்ளிகேஷன் இன்னொரு டிக்கெட்; இரண்டையும் வைத்திருங்கள்

என்வாய், பீட்மாண்ட், பி.எஸ்.ஏ. பைலட்டுகளுக்கு இன்னொரு இன்டர்வியூ இல்லாமல் அமெரிக்கனுக்குப் போகும் ஃப்ளோ வழி இருக்கிறது. யுனைடெட்டுக்கு ஏவியேட், டெல்டாவுக்கு ப்ரொபெல் என்று திட்டங்கள் உண்டு. நல்லவைதான். ஆனால் ஃப்ளோ, மேலே ஆள் எடுக்கும்போது மட்டுமே நகரும் வரிசை. மெயின்லைன் விமானங்களைக் குறைத்தால் அது அன்றைக்கே நிற்கும். மாதத்துக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை காண்ட்ராக்ட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, ஆட்சேர்ப்பு நின்றால் என்ன ஆகும் என்று படியுங்கள். ஃப்ளோவில் பெயர் இருந்தாலும் மற்ற ஏர்லைன், கார்கோ கம்பெனி அப்ளிகேஷன்களை மாதம் ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். இது துரோகம் ஆகாது. கம்பெனியும் உங்களுக்காகத் தன் ஃப்ளீட் திட்டத்தை மாற்றப்போவதில்லை.

8. போனஸை அந்த நாளே செலவழிக்காதீர்கள்

சைனிங் போனஸுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கும்: இத்தனை வருடம் இருக்காவிட்டால் திருப்பிக் கொடு. கம்பெனியே விமானத்தைக் குறைத்து உங்களை அனுப்பினால் அந்தப் பணம் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஃப்ளைட் ஸ்கூல் லோன் இருக்கும்போது கேப்டன் சம்பளத்தை நம்பி வீடு வாங்காதீர்கள். டிஸ்பிளேஸ்மெண்ட் வந்தால் ஒரே மாதத்தில் பழைய சம்பளத்துக்கு இறங்குவீர்கள். ஃபர்ஸ்ட் ஆஃபீசர் சம்பளத்தில் குடும்பம் நடத்தி, மிச்சத்தைச் சேருங்கள். ஆறு மாதச் செலவு பேங்கில் இருக்கட்டும். அந்தப் பணம் இருந்தால்தான் நல்ல ஆஃபருக்குக் காத்திருக்க முடியும். இல்லாவிட்டால் கிடைத்ததில் ஏற வேண்டும்.

9. சிறிய உலகம் இது, பெயரைக் காப்பாற்றுங்கள்

இன்றைய உங்கள் கேப்டன் நாளை மெயின்லைனில் உங்களுக்கு சிபாரிசுக் கடிதம் எழுதுவார். அல்லது இன்டர்வியூ போர்டில் உட்கார்ந்திருப்பார். ஃப்ளீட் குறைப்பு வதந்தி ஓடும் மாதங்களில் கிரூ ரூம் புலம்பல் கூடமாக மாறும். கேளுங்கள், கலந்துகொள்ளாதீர்கள். கம்பெனியைத் திட்டி சோஷியல் மீடியாவில் எழுதியது அழியாது. செக்ரைடு (பறக்கும் தேர்வு) தோல்விகள் எஃப்.ஏ.ஏ.யின் பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸில் இருக்கும், மறைக்க முடியாது. ஒன்று இருந்தால் என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். சிக் லீவைத் துஷ்பிரயோகம் செய்யாதீர்கள். வருகைப் பதிவை அடுத்த கம்பெனி கேட்கும்.

ஜம்ப்சீட்டில் (காக்பிட்டில் உள்ள கூடுதல் சீட்) ஏறினால் யூனிஃபார்ம் சுத்தமாக, கேப்டனிடம் அனுமதி கேட்டு, நன்றி சொல்லி இறங்குங்கள். யூனியன் கமிட்டியில் ஒரு வேலையை வாலண்டியராக எடுத்துக்கொள்ளுங்கள். ஷெட்யூலிங், சேஃப்டி, டிரெய்னிங் எதுவானாலும் சரி. ரெஸ்யூமேக்கு அது பலம். அதைவிடப் பெரிய லாபம், ஃப்ளீட் செய்திகள் கிரூ ரூமுக்கு வரும் முன்பே உங்கள் காதுக்கு வரும்.

10. ஃபர்லோ நோட்டீஸ் கையில் வந்தால்

அன்றே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அழுகை, கோபம் எல்லாம் வரும். வரட்டும். ஆனால் வேலை நிற்க வேண்டாம். டிரெய்னிங் ரெக்கார்ட், செக்ரைடு தாள்கள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கம்பெனி லாகின் பூட்டப்படும் முன் டவுன்லோடு செய்யுங்கள். மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் காலாவதி நெருங்கினால், இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே புதுப்பியுங்கள். கம்பெனியின் க்ரூப் இன்ஷூரன்ஸை உங்கள் சொந்தச் செலவில் தொடர கோப்ரா சட்டம் பொதுவாக 18 மாதம் வரை வழி கொடுக்கிறது. பிரீமியம் அதிகம், ஆனால் வீட்டில் குழந்தை இருந்தால் கணக்குப் பாருங்கள். அன்எம்ப்ளாய்மெண்ட் உதவிக்கு உடனே விண்ணப்பியுங்கள். அது நீங்கள் உழைத்த வேலையோடு சேர்ந்த உரிமை.

பறப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆட்சேர்ப்பவர்கள் மொத்த மணி நேரத்தோடு கடைசி 12 மாதத்தில் எவ்வளவு பறந்தீர்கள் என்றும் பார்க்கிறார்கள். இன்ஸ்ட்ரக்டர் தகுதியை உயிரோடு வைத்திருந்தவர் அடுத்த வாரமே ஃப்ளைட் ஸ்கூலில் வேலைக்குப் போகலாம். சார்ட்டர், சிறு கார்கோ, ஏர் ஆம்புலன்ஸ் என்று எல்லாக் கதவையும் தட்டுங்கள். உங்களோடு ஃபர்லோ ஆன எல்லோரும் அதே கதவைத் தட்டப்போகிறார்கள். முதல் வாரத்தில் போகிறவருக்கு வாய்ப்பு அதிகம். பழைய செக் ஏர்மேன், சீஃப் பைலட் இருவரிடமும் சிபாரிசுக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அவர்களும் வேலை தேடிப் போய்விட்டால் பிறகு பிடிக்க முடியாது.

கடைசியாக, ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். ஃபர்லோ ஆனவருக்குத் திரும்ப அழைக்கப்படும் உரிமை உண்டு. அது எத்தனை வருடம் செல்லும், வேறு ஏர்லைனில் சேர்ந்தால் என்ன ஆகும், எத்தனை முறை வேண்டாம் என்று சொல்லலாம் என்பது காண்ட்ராக்ட்டில் இருக்கும். யூனியன் பிரதிநிதியோடு உட்கார்ந்து அந்தப் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். புதிய கம்பெனி பழைய சீனியாரிட்டியை விட்டுவிடச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு பக்கத்தையும் கணக்குப் பாருங்கள். வீடு மாறினால் புது முகவரியைக் கம்பெனிக்கும் யூனியனுக்கும் எழுத்தில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ரீகால் கடிதத்துக்குப் பதில் சொல்ல நாள் கணக்கில்தான் அவகாசம் கிடைக்கும். கடிதம் பழைய வீட்டுக்குப் போய் அந்த அவகாசம் தாண்டிவிட்டால், லிஸ்ட்டில் உங்கள் பெயரை அடித்துவிடுவார்கள்.